பௌர்ணமியன்று வீடு பார்க்க வந்தார்கள்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தெருவை வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கு மிகவும் பிடிக்கும். மாதத்துக்கு ஒருத்தியாவது மடக்கு நாற்காலியும் சாயப்பெட்டியுமாக வந்து பாலத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். ஆறு வளைகிற இடம், அந்தக் காலத்தில் ஈயம் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு, தோணிகள், துறையின் மரப்படிகள், எங்கள் மாடி ஜன்னல் எல்லாவற்றையும் வரைந்து எடுத்துக்கொண்டு போவாள். அப்படி வரைந்த படமொன்று நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, இருக்கும் ஆபீசில் துரையின் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் ஆறு நீலமாக இருக்கிறது. படத்துக்கு நாற்றம் கிடையாது, ஆகையால் துரை அதனடியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார். ஜன்னல் கொடியில் அம்மா காயப்போட்டிருந்த சிவப்புச் சேலையை வரைந்தவள் பூங்கொடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, கிழிசல் தெரியாது" என்றாள்.

இந்தத் தெருவுக்கு இன்னொரு பெருமை உண்டு. எல்லாம் நடக்கும் தூரம். வீட்டிலிருந்து கோவிலுக்கு நடக்கலாம், பாசாருக்கு நடக்கலாம், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கலாம். வெயிலோ மழையோ மேலே படாது. கடைகளின் மாடி முன்னால் நீண்டிருப்பதால் அதன் கீழே தெரு நெடுகிலும் ஒரு நடைவழி கிடைக்கிறது. அஞ்சடி என்போம். நடப்பவர்களுக்காகவே அஞ்சடியை விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை யாரும் மீறுவதில்லை. அஞ்சடியை விட்டிருக்கிறார்கள், அதில் கருவாட்டுக் கூடைகளையும் வெங்காய மூட்டைகளையும் சவரக்காரரின் நாற்காலியையும் ஓர் ஆட்டையும் வைத்திருக்கிறார்கள். நடப்பவன் சாலையில் இறங்கி வெயிலில் நடக்கிறான்.

எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிற ஊரில் எதையும் மறைத்து வாழ முடியாது. நான் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு கடையில் நின்று வடை தின்றால், வாயைத் துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். "ராத்திரிக்குச் சோறு குறைச்சுத்தானே வைக்கணும்?" என்று கேட்பாள். அஞ்சடியில் சேதி என்னைவிட வேகமாக நடக்கும். அதற்கு ஆடு குறுக்கே நிற்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறையில் தோணிகளிலிருந்து மூட்டை இறக்குகிறவர். நான் மூட்டை தூக்கக்கூடாது என்பதற்காக என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்லுவது என் வேலையாகிவிட்டது. அப்படித்தான் ஒருநாள் தண்ணீருக்கும் காரணம் சொன்னேன்.

தண்ணீர் என்று நான் சொல்லுவது கடல் ஏறும்போது ஆற்றில் எதிரே ஏறிவரும் தண்ணீர். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது எல்லை தாண்டும். துரைசானிகள் வரைகிற பக்கமாக, ஆற்றிலிருந்து, கம்பீரமாக வராது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சாக்கடை வழியாக, உறவினர் மாதிரி, கொல்லைப்புறமாக, கீழே பின்கட்டில் இருக்கும் எங்கள் அடுப்படியில் வந்து நிற்கும். எல்லா மாதமும் உள்ளே வராது, மழைக்காலத்தில் தவறாது. வந்தால் முழங்கால் வரையில், சில மாதம் அதற்கும் மேலே. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சேற்றையும் ஒன்றிரண்டு மீனையும் வைத்துவிட்டுப் போய்விடும். சந்திரன் கடலை இழுக்கிறது, அதுதான் காரணம் என்று நான் விளக்கினேன். அம்மா கவனமாகக் கேட்டாள். "சந்திரன் அங்க இழுத்தா, நம்ம அடுப்படிக்கு அதை யாரு தள்ளி விடறது?" என்றாள். பாடப் புத்தகத்தில் அதுவரைக்கும் போடவில்லை.

இப்படி இருக்கையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். தகப்பனார் ரயிலில் கார்டு. நாங்கள் போயிருந்தபோது அவர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு "உட்காருங்க" என்றார், இன்னொரு முறை பார்த்துக்கொண்டு "காப்பி வரட்டும்" என்றார். வீடு எப்படி என்று கேட்டார். நான் படித்தவனாயிற்றே, முழுதாகப் பதில் சொன்னேன். பழமையான தெரு, ஆற்றங்கரை, நல்ல காற்று, எல்லாம் நடக்கும் தூரம். கோவிலைச் சொன்னேன், பாசாரைச் சொன்னேன், ஸ்டேஷனைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன்.

"அப்ப எங்க ரயிலுக்கு உங்க ஊர்ல வேலையே இல்லைன்னு சொல்லுங்க" என்றார் கார்டு ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெண் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது, யார் காதிலும் விழாத குரலில், "மாடியிலேர்ந்து ஆறு தெரியுமா?" என்றாள்.

"ஜன்னலைத் திறந்தா ஆறுதான்" என்றேன்.

அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் இன்ஜின் கரி வந்து துவைத்த துணியில் உட்காரும் என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போன அந்த நேரத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. இந்தப் பெண்தான், வேறு பெண் வேண்டாம். ரயிலில் திரும்பி வரும்போது அப்பாவிடம் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தண்டவாளம் எதற்காக நடுநடுவே இடைவெளி விட்டுப் போடப்படுகிறது என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அப்பா, "சரிப்பா, பொண்ணு புடிச்சிருக்கு, தெரியுது" என்றார்.

ஆனால் பெண்ணின் தாயார் வாக்குக் கொடுக்கவில்லை. "பொண்ணு கொடுக்கற வீட்டை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் சரியோ இல்லையோ சொல்லுவேன்" என்று சொல்லியிருந்தார். நியாயந்தான். நாள் பார்க்கிற பொறுப்பு பெண்ணின் சித்தப்பாவிடம் போயிற்று. அவர் பஞ்சாங்கத்தை விரித்து, வீடு பார்க்க நிறைந்த நாள் என்று ஒன்றைக் குறித்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், அதோடு பௌர்ணமி.

சேதி வந்ததும் அம்மா முகத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலத்துப் பௌர்ணமி. வேறு நாள் கேட்கலாமே என்றேன். "பெரியவங்க பாத்துச் சொன்ன நாளை வேணாம்னு சொல்லுவியா? அபசகுனமாப் போயிடும். ஏன் வேணாம்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றாள். தெருவில் தண்ணீர் வரும் என்று சொல்லலாம். ஆனால் பெண் வீட்டாரிடம் நல்ல காற்று வரும் என்று மட்டுமே சொல்லியிருந்தோம்.

கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் நாகூர்ப் பக்கத்து மனிதர். தெருவுக்கே அவர் நானா, அண்ணன் என்று அர்த்தம். அவருடைய கடையில் கூடி யோசித்தோம்.

"அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடுங்க தம்பி" என்றார் நானா.

"நல்ல காரியத்துக்குப் பொய்க் காய்ச்சல் படுக்க மாட்டேன்" என்றாள் அம்மா மாடிப்படியிலிருந்து.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை மணிக்கு. பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர் அதற்குமுன் கிளம்பித்தானே ஆகவேண்டும்? தண்ணீர் தெருவுக்கு வருவது அதற்குப் பிறகுதான். மத்தியான வண்டியில் வருவார்கள், பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள், ராகுவுக்குப் பயந்து ஓடிவிடுவார்கள். "நாள் குறிச்ச ஆளே நம்மளைக் காப்பாத்திட்டாரு" என்றார் அப்பா. எனக்கும் அது கணக்காகச் சரியென்று பட்டது.

தெரு முழுக்க எங்களுக்கு ஒத்துழைத்தது. அன்றைக்குக் காலையில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் எதிர்க்கடைச் சீன முதலாளி கருவாட்டுக் கூடைகளை உள்ளே எடுத்துவிட்டார். சவரக்காரர் நாற்காலியை மடக்கினார். ஆட்டைக்கூட அழைத்துப்போனார்கள். நான் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அஞ்சடியில் மனிதன் நடக்க இடம் கிடைத்தது. பழக்கமில்லாததால் ஜனங்கள் சாலையிலேயே நடந்தார்கள். துறையிலிருந்து வந்த ஒருவர் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று நானாவிடம் விசாரித்தார்.

மத்தியான வண்டி வரவில்லை. பத்து தீகா ஸ்டேஷன் பக்கத்தில் தண்டவாளத்தில் எருமைகள் படுத்துவிட்டனவாம். நானும் அப்பாவும் ஸ்டேஷனில் காத்திருந்தோம். வண்டி வந்து நின்றபோது முதலில் இறங்கியவர் கார்டு ஐயா. அன்று அவருக்கு வேலை நாளல்ல, ஆனாலும் அந்தத் தாமதத்தைத் தம்முடைய சொந்தத் தாமதமாக எடுத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. நம்முடைய வண்டிகள் எப்போதும் இப்படியல்ல, எருமைகளுக்கு நேரம் தெரிவதில்லை என்று வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தார். அவரோடு பெண்ணின் தாயார், பஞ்சாங்கத்தை மஞ்சள் பையில் இடுக்கிக்கொண்டு பெண்ணின் சித்தப்பா. நல்ல பருமனான மனிதர். நடக்கும்போதே மூச்சு வாங்கியது.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நேராக வீடுதான் என்று அப்பா வேகமாக நடந்தார். பெண்ணின் தாயார் நின்றார்.

"தம்பி, எல்லாம் நடக்கற தூரம்னு சொன்னீங்களே. கோவில் எங்க இருக்கு?"

"இதோ, பக்கத்துலதாங்க."

"அப்ப பாத்துட்டே போயிடலாம்."

கோவில் பார்த்தோம். அர்ச்சனையும் செய்தார். பிறகு, "பாசாரு?" என்றார். பாசாரும் பக்கத்தில்தான். மீன் என்ன விலை, கீரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார். நான் கை காட்டினேன். கை காட்டினால் போதாது, நடந்து பார்க்கவேண்டும் என்றார். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, எல்லாம் நடக்கும் தூரந்தான். ஒவ்வொன்றுக்கும் நடந்தோம். நான் பெருமையாகச் சொன்ன ஊர் எங்கள் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சித்தப்பா ஒவ்வொரு தூணிலும் சாய்ந்து இளைப்பாறினார். அப்பா ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஆற்றைப் பார்த்தார். ஆறு மேலேறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியின் கீழே செருப்பைக் கழற்றினார்கள். கார்டு ஐயா பாலிஷ் போட்ட பூட்சின் கயிற்றை நிதானமாக அவிழ்த்து, இரண்டையும் ஜோடி சேர்த்துச் சுவரோரமாக வைத்தார். ஆற்றுப்பக்கத்து ஜன்னலைத் திறந்து காட்டினேன். ஆறு, தோணிகள், அக்கரையில் தென்னைகள். பெண்ணின் தாயார் நெடுநேரம் பார்த்தார். "காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அம்மா பலகாரமும் காப்பியும் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கார்டு ஐயா கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருந்து, "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று சொன்னார். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அப்படி ஒருவர் சொன்னால் நம் வீட்டுப் பெண்களின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அம்மா சொன்னாள்:

"அதெல்லாம் முடியாது. இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து அம்மாவும் திகைத்துப்போனாள்.

"இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வரோம்" என்றார் பெண்ணின் தாயார்.

உடனே சரியென்று சொன்னால் விரட்டுவதுபோல ஆகிவிடும். "முதமுதலா வந்துட்டு வெறும் வயத்தோட போறதா?" என்றாள் அம்மா, கண்ணில் நீர் முட்ட.

"வெறும் வயிறா? இவ்வளவு சாப்பிட்டோமே."

"இது ஒரு சாப்பாடா?"

இப்படி இரண்டு பேரும் மரியாதை குறையாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா கையைத் தூக்கினார். "யாரும் எழுந்திருக்க வேணாம். ராகு காலம் ஆரம்பிச்சாச்சு. நல்ல காரியம் பேச வந்த வீட்டுலேர்ந்து ராகுல படி இறங்கக் கூடாது. ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, இரண்டாவது முறுக்கை எடுத்துக்கொண்டார்.

எங்களைக் காப்பாற்றவேண்டிய ராகு இப்படிக் கட்சி மாறியது. உட்கார்ந்தோம். ஊர் விஷயம் பேசினோம். எனக்குப் பேச்சில் மனமில்லை, காது முழுக்கக் கீழே இருந்தது. முதலில் நானா கடையில் பலகை இழுக்கும் சத்தம் கேட்டது. அடி வரிசை மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்குகிறார்கள். பிறகு எதிர்க்கடைத் தவுக்கேயின் குரல், தெருவுக்கே கேட்கும்படி மலாயில்:

"ஆயிர் நாயேக்! ஆயிர் நாயேக்!"

"என்னவாம்?" என்றார் பெண்ணின் தாயார்.

"தண்ணி ஏறுதுன்னு சொல்றாரு" என்றார் அப்பா. 

"எங்க ஏறுது?"

அதற்கு நானா பதில் சொன்னார், மாடிப்படியின் கீழிருந்து. "தம்பி! விருந்தாளிங்களோட செருப்பெல்லாம் புடிச்சு மேல வச்சிட்டேன். பூட்சு ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு!"

கார்டு ஐயா தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போனார். நாங்களும் போனோம். தெருவைக் காணோம். ஆறு எதிர்க்கடைச் சுவர் வரையில் வந்திருந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு நீந்தினார்கள். கார்டு ஐயாவின் இடது பூட்ஸ் நிமிர்ந்தபடி, யாரோ அதைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல, அஞ்சடியைத் தாண்டி நிதானமாகக் கோர்ட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தவுக்கே கூடைக் கம்பை நீட்டி அதைக் கொக்கி போட்டு எடுத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தம்பி," என்றார் கார்டு ஐயா மெதுவாக, "எல்லாம் நடக்கற தூரம்னு சொன்னீங்க. இப்ப நான் எப்படி நடக்கறது?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பௌர்ணமியன்று சூரியனும் சந்திரனும் பூமிக்கு இரண்டு பக்கத்திலும் நிற்கின்றன என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "பௌர்ணமியைக் குறிச்சது யாரு?"

"நிறைஞ்ச நாளுண்ணே" என்றார் சித்தப்பா.

"நிறைஞ்சிருக்கு. நல்லாவே நிறைஞ்சிருக்கு!"

பெண்ணின் தாயார் இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. ஜன்னலில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்மாடிப் பெண்களில் ஒருத்தி, "என்ன அக்கா, கிராணிக்குப் பொண்ணு கொடுக்கறீங்களா? நல்ல பையன் லா, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அங்கிருந்தபடியே சிபாரிசு செய்தாள். அவர் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அம்மாவைக் கேட்டார், எப்போதெல்லாம் இப்படி வரும் என்று. அம்மா இந்த முறை எதையும் குறைக்காமல் சொன்னாள். அமாவாசை, பௌர்ணமி, மழைக்காலத்தில் தவறாது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரி நடக்கற தூரம்னீங்க. நடந்து பாத்தேன், சரிதான். என் மக உண்டாகி, வலி கண்ட நேரத்துல இந்தத் தண்ணி வந்து நின்னா அவளை எப்படிக் கொண்டு போவீங்க?"

 அன்றைக்கு அவர் இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒன்றைக் கேட்கத்தான் என்று எனக்குப் புரிந்தது. என் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் புரிந்தது. எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். பிள்ளை பிறக்கும் மாதம் முன்கூட்டியே தெரியும், தண்ணீர் வரும் நாளும் தெரியும், ஆகவே இரண்டையும் வைத்துப் பார்த்தால்... என்று சொல்லத் தொடங்கினேன்.

"பிள்ளைங்க பஞ்சாங்கம் பாத்துட்டா பிறக்குதுங்க?" என்றார் அவர்.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார்டு ஐயா அவரைப் பார்த்தார். சித்தப்பா முறுக்கைக் கடித்தார்.

 "தூக்கிக்கிட்டுத்தான் போகணும்மா" என்றேன்.

"தூக்குவீங்களா?"

"தூக்குவேன்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். நான் பேனா பிடிக்கிறவன். கை கால்களெல்லாம் பேனா மாதிரியே இருக்கும். அந்த நேரத்தில் கார்டு ஐயாவின் கடிகாரம் ஆறு மணி என்றது. ராகு போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. கடைசிக்கு முந்தின வண்டியைப் பிடித்தாகவேண்டும் என்றார் கார்டு ஐயா. கால்சட்டையைத் தொடைவரை சுருட்டினார், கிடைத்த பூட்சையும் மீட்ட பூட்சையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பெண்ணின் தாயார் சேலையை வரிந்து கட்டினார்.

"நீங்க எப்படிம்மா இந்தத் தண்ணியில..." என்றாள் அம்மா.

"நான் வயல்ல நாத்து நட்டவ. தண்ணி எனக்கு ஒண்ணுமில்ல" என்றவர், சித்தப்பாவைக் காட்டினார். "இவருக்குத்தான் முட்டிவலி, சேத்துல கால் வைக்க மாட்டாரு. தம்பி, இவரைத் தூக்கிக்கிட்டு வாங்க, பாப்போம்."

அப்பா பதறிப்போய் முன்னால் வந்தார். "அவனுக்குப் பழக்கமில்லைங்க. நான் தூக்கறேன், எனக்கு இதுதான் தொழிலே."

"உங்களுக்கா பொண்ணு கட்டிக் கொடுக்கறோம்?" என்றார் பெண்ணின் தாயார்.

படியின் கடைசியில் நானும் நானாவும் சேர்ந்து சித்தப்பாவை என் முதுகில் ஏற்றினோம். அவர் ஒரு கையால் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் மஞ்சள் பையைத் தண்ணீர் படாமல் உயர்த்திப் பிடித்தார். முதல் அடியிலேயே எனக்குக் கண் இருட்டியது. அலுவலகத்தில் சரக்கின் எடையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், எடை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே நின்றது. அடியில் சேறு வழுக்கியது.

அந்தத் தெருவில் இரண்டு பக்கத்து மாடிகளும் நிறைந்திருந்தன.

"கிராணி, மூட்டை பத்திரம்!"

"எந்தக் கப்பல்ல வந்த சரக்கு அது?"

"ஏண்ணே, புள்ளையை அவ்வளவு படிக்கவச்சியே, கடைசியில மூட்டைதானா?" என்று துறையில் வேலை செய்யும் ஒருவர் அப்பாவைக் கேட்டார். அப்பா என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "இடது பக்கம் போகாதே, அங்கதான் சாக்கடை" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்குகிறாரா, வேறு எதையாவது அடக்குகிறாரா என்று திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெண்ணின் தாயார் எனக்கு முன்னால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கார்டு ஐயா கழுத்தில் பூட்ஸ் ஆட, பக்கத்தில் வந்தார். தெருக்கோடியில் சந்திரன் கிளம்பியது. தண்ணீரெல்லாம் வெள்ளியாயிற்று. துரைசானி யாராவது இருந்திருந்தால் அங்கேயே நாற்காலியைப் போட்டிருப்பாள். சித்தப்பாவும் பார்த்தார். என் காதோரமாக, பக்தியோடு, "என்ன இருந்தாலும் நல்ல நாள்தான் தம்பி" என்றார். அவரை அங்கேயே போட்டுவிடலாமென்று எனக்கு ஒரு நினைவு வந்தது. அதைத் தள்ளிவிட்டு அடுத்த அடியை வைத்தேன்.

தெரு முடிந்து மேடு தொடங்குகிற இடத்தில் என் கால் மடங்கியது. ஒரு முழங்காலை ஊன்றிவிட்டேன். தண்ணீர் இடுப்புவரை வந்தது. மாடிகளெல்லாம் ஒரே நேரத்தில் "ஓ!" என்றன. அப்பாவின் கை என் முதுகுப்பக்கம் வந்து, தொடாமல் நின்றதை உணர்ந்தேன். எழுந்தேன். சித்தப்பாவின் வேட்டி நுனி மட்டும் நனைந்தது. ஸ்டேஷன் வாசலில், உலர்ந்த தரையில் அவரை இறக்கி வைத்தேன். அவர் முதலில் பஞ்சாங்கம் நனைந்ததா என்று பார்த்துக்கொண்டார்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. கார்டு ஐயா உள்ளே போய் உட்கார்ந்து, ஈரப் பூட்சைக் காலில் ஏற்றப் போராடினார். சித்தப்பா ஏறினார். பெண்ணின் தாயார் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றார். என் கால்கள் நடுங்குவதை மறைக்க நான் தூணில் சாய்ந்து, சாதாரணமாக நிற்பதுபோல நின்றேன். அவர் என் கால்களைத்தான் பார்த்தார். சேலை முந்தானையைப் பிழிந்து உதறினார்.

"என் மக இவரைவிட ரொம்ப லேசு" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிக்கொண்டார்.

நானும் அப்பாவும் வீடு திரும்பினோம். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அம்மா படியின் நடுவில் நின்று, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பொண்ணு லேசா இருக்குமாம்" என்றேன்.

"இதென்ன பதிலு? சரின்னு சொன்னாங்களா, இல்லையா?"

கீழே மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த நானா நிமிர்ந்தார். "இல்லைன்னு சொல்ல நினைச்சவங்க பொண்ணோட கனத்தை எதுக்கும்மா சொல்லப் போறாங்க?" என்றார்.

 அம்மா என் காலைப் பார்த்து, "சேத்தோட மேல ஏறாதே, கழுவிட்டு வா" என்றாள்.